தோல் எரியுமா, கண் சிவக்குமா? ஓர் இரசாயனத்தைச் சோதிக்கும் கதை

பள்ளி அறிவியல் கூடத்தில் அடுத்த முறை ஓர் இரசாயனப் புட்டியைக் கையில் எடுக்கும்போது, திறப்பதற்கு முன் அதன் லேபிளைச் சற்றுப் படியுங்கள். சிவப்புக் கரையிட்ட சாய்சதுரம் ஒன்று கண்ணில் படும். சில புட்டிகளில் அதற்குள் ஒரு கறுப்பு ஆச்சரியக்குறி இருக்கும். வேறு சிலவற்றில் ஒரு திரவம் சொட்டுச் சொட்டாக விழுந்து கையையும் உலோகத்தையும் அரிப்பது போன்ற படம் இருக்கும்.

ஆச்சரியக்குறிக்குப் பல பொருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, ‘தோலில் அல்லது கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாகும்’ என்பது. இரண்டாவது படம் அதைவிடக் கடுமையானது. ‘தோலை அரிக்கும், கண்ணுக்கு நிரந்தரச் சேதம் விளைவிக்கும்’ என்று அது எச்சரிக்கிறது. இந்தக் குறியீடுகள் ஐக்கிய நாடுகள் நிறுவனம் 2003இல் வெளியிட்ட உலகப் பொது முறையைச் சேர்ந்தவை. மலேசியாவில் 2013ஆம் ஆண்டின் விதிமுறைகள்படி, பணியிடங்களுக்கு அபாயகரமான இரசாயனங்களை வழங்குவோர் அவற்றை வகைப்படுத்தி, இத்தகைய லேபிளை ஒட்ட வேண்டும்.

சரி, மாணவர்களே. ஒரு புட்டிக்கு ஆச்சரியக்குறி, இன்னொன்றுக்கு அரிக்கும் கை, மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை என்று எப்படி முடிவு செய்தார்கள்? யாராவது தன் கையில் ஊற்றிப் பார்த்தார்களா? யாருடைய கண்ணில் விட்டுப் பார்த்தார்கள்? இந்தக் கேள்விக்கான விடை எண்பது ஆண்டுகளாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். அன்றாடப் பேச்சில் மூன்றையும் ‘எரியுது, அரிக்குது’ என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். அறிவியலில் மூன்றும் வேறு.

எரிச்சலூட்டுதல்: பொருள் பட்ட இடம் சிவக்கும், வீங்கும், எரியும். ஆனால் சில நாள்களில் ஆறிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அரித்தல்: பொருள் மேல்தோலைத் தாண்டி உள்தோல்வரை திசுவைக் கொன்றுவிடும். ஆறினாலும் தழும்பு நிற்கும். வகைப்படுத்தும்போது, நான்கு மணி நேரத்திற்குள் படும் பொருள் இப்படி மீளாத சேதத்தை உண்டாக்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ஒவ்வாமை: இது நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. முதல் முறை பட்டபோது ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். உடல் அந்தப் பொருளை ‘எதிரி’ என்று நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சிறிதளவு பட்டாலும் பெரிதாகக் கிளர்ந்தெழும். அதனால் ஒரே பொருள் ஒருவருக்கு ஒன்றும் செய்யாது, பக்கத்தில் இருப்பவருக்குக் கொப்புளம் போடும்.

எரிச்சல் எப்படி உண்டாகிறது? நம் தோலின் மேற்பரப்பில் இறந்த உயிரணுக்கள் செங்கல்போல் அடுக்கியிருக்கின்றன. அவற்றுக்கு இடையே கொழுப்பு, சாந்துபோல் பூசப்பட்டிருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிறது அல்லவா? அதே வேலையை இந்தச் சாந்தின் மீதும் செய்கிறது. சுவர் பலவீனமானதும் பொருள் உள்ளே இறங்கி, அங்குள்ள உயிருள்ள உயிரணுக்களைத் தாக்குகிறது. அடிபட்ட உயிரணுக்கள் இரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன. உடனே இரத்தக் குழாய்கள் விரிகின்றன, தோல் சிவக்கிறது. குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, தோல் வீங்குகிறது.

கண்ணுக்கு இந்தச் செங்கல் சுவர்கூட இல்லை. கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவின் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அது தெளிவாக இருக்கும்வரைதான் நமக்குப் பார்வை. அது கலங்கினால் உலகமே மங்கிவிடும்.

ஒரு கண் சாயம் உண்டாக்கிய பேரிடர்

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற பெயரில் ஒரு சாயம் விற்பனையானது. புருவத்தையும் இமைமயிரையும் கறுப்பாக்கும் அழகுப் பொருள் அது. அதில் பாராபினைலீன்டையமின் என்ற சாய இரசாயனம் இருந்தது. அதைப் பூசிய சில பெண்களுக்குக் கண்ணைச் சுற்றிக் கொப்புளமும் புண்ணும் ஏற்பட்டன. சிலர் பார்வையை இழந்தனர். ஒருவர் உயிரையே இழந்தார்.

அதைவிட அதிர்ச்சியான செய்தி, அந்தச் சாயத்தை விற்பது அப்போது குற்றமே அல்ல என்பதுதான். அமெரிக்காவில் நடப்பிலிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கவனித்தது. அழகுப் பொருள்கள் அதற்குள் வரவில்லை. 1938இல்தான் புதிய சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் பறிமுதல் செய்யப்பட்ட பொருளும் லாஷ் லூர்தான்.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒரு பொருள் பாதுகாப்பானதா இல்லையா என்பதை அளந்து சொல்ல ஒரு முறை வேண்டுமே?

முயலின் கண்ணில் ஒரு துளி

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய நச்சியல் அறிஞர் ஜான் டிரெய்ஸ், 1944இல் தம் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டார். அதுவே ‘டிரெய்ஸ் சோதனை’ என்று உலகெங்கும் அறியப்பட்டது.

வெள்ளை முயலின் ஒரு கண்ணில், கீழ் இமையை மெல்ல இழுத்து, 0.1 மில்லிலிட்டர் பொருளை விடுவார்கள். மற்றக் கண்ணை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு குறிப்பிட்ட நேரங்களில் உற்றறிந்து, கார்னியா எவ்வளவு கலங்கியது, கண்ணின் நிறப்பகுதி எப்படி மாறியது, வெள்ளைவிழியை மூடும் சவ்வு எவ்வளவு சிவந்து வீங்கியது என்று புள்ளிகள் போடுவார்கள். மொத்தம் 110 புள்ளிகள். அவற்றுள் 80 கார்னியாவுக்கு மட்டும். பார்வைக்குக் கார்னியா எவ்வளவு முக்கியம் என்பதை இந்தப் பங்கீடே காட்டுகிறது.

தோலுக்கும் இதே போன்ற முறைதான். முயலின் முதுகில் மயிரை நீக்கி, பொருளை வைத்துத் துணியால் மூடுவார்கள். இன்றைய அனைத்துலக வழிகாட்டியில் அளவு 0.5 மில்லிலிட்டர், நேரம் நான்கு மணி. அதன் பிறகு 1, 24, 48, 72 மணி நேரங்களில் சிவப்புக்கு 0 முதல் 4 வரையும், வீக்கத்துக்கு 0 முதல் 4 வரையும் புள்ளி தருவார்கள்.

ஆரம்பப் பள்ளியில் படித்த மாறிகளை இங்கே பொருத்திப் பாருங்கள். தற்சார்பு மாறி, சோதிக்கப்படும் பொருள். சார்பு மாறி, கிடைக்கும் புள்ளி. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள், பொருளின் அளவு, நேரம், விலங்கின் இனம். அந்தக் காலத்திற்கு இது ஒரு பெரிய முன்னேற்றம்தான். அதற்கு முன் ஆளுக்கொரு விதமாகச் சோதித்தார்கள். இப்போது ஒரு பொது அளவுகோல் கிடைத்தது. எத்தனையோ மனிதக் கண்களை இது காப்பாற்றியிருக்கும்.

ஆனால் விலை கொடுத்தது முயல். அதனால் தன் கண்ணைக் கழுவிக்கொள்ள முடியாது, ‘வலிக்கிறது’ என்று சொல்லவும் முடியாது.

அளவுகோலிலேயே சிக்கல்

இரக்கம் ஒருபுறம் இருக்கட்டும். அறிவியலாகப் பார்த்தாலும் இந்த முறையில் ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, புள்ளி போடுவது மனிதக் கண். ஒருவர் ‘இலேசான சிவப்பு’ என்பதை இன்னொருவர் ‘நல்ல சிவப்பு’ என்பார். 1971இல் வெயில், ஸ்காலா என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருள்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்குக் கொடுத்துச் சோதிக்கச் செய்தார்கள். சில பொருள்களை ஓர் ஆய்வகம் கடும் எரிச்சலூட்டி என்றது, இன்னோர் ஆய்வகம் எரிச்சலே இல்லை என்றது. ஒரே பரிசோதனையைத் திரும்பச் செய்தால் ஒரே முடிவு வர வேண்டும் என்பது அறிவியலின் அடிப்படை. அங்கேயே ஆட்டம் கண்டது.

இரண்டாவது, முயல் மனிதன் அல்ல. முயலின் கார்னியா நம்முடையதைவிட மெல்லியது. நம்மைவிட அதற்குக் கண்ணீர் குறைவாகச் சுரக்கும். நமக்கு இல்லாத மூன்றாவது இமையும் அதற்கு உண்டு. ஆகவே முயலின் கண் தரும் விடை நம் கண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

1959இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள், விலங்குச் சோதனை குறித்து ஒரு நூல் எழுதினார்கள். அதில் அவர்கள் சொன்ன மூன்று கொள்கைகள் இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. முடிந்தால் விலங்குக்குப் பதிலாக வேறொன்றைப் பயன்படுத்து. முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை. அதையும் செய்யும்போது வலியைக் குறைக்கும்படி முறையைச் செம்மைப்படுத்து.

1980இல் ஹென்றி ஸ்பைரா என்பவர் நியூயார்க்கில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். இவர் முன்பு பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். ரெவ்லான் என்ற அழகுப் பொருள் நிறுவனத்தை நோக்கி, முயல்களின் நிலையைக் காட்டும் முழுப்பக்க விளம்பரத்தை நாளிதழில் வெளியிட்டார். அவர் கேட்டது, ‘சோதிக்காமல் விற்றுவிடுங்கள்’ என்பதல்ல. ‘மாற்று வழியைக் கண்டுபிடிக்கப் பணம் கொடுங்கள்’ என்றார். நிறுவனமும் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு நிதி வழங்கியது. எதிர்ப்புக் குரல் ஆய்வகத்தின் கதவைத் திறந்துவைத்த தருணம் அது.

முதல் படி: சோதிக்காமலே கண்டறிதல்

இன்று ஒரு புதிய பொருள் வந்தால், நேரே சோதனையில் இறங்குவதில்லை. முதலில் ஏற்கெனவே தெரிந்ததைத் தேடுகிறார்கள். இதே பொருள் பணியாளர் யார் மீதாவது பட்டிருக்கிறதா? இதன் மூலக்கூறு அமைப்பைப் போன்ற வேறு பொருள்கள் எப்படி நடந்துகொண்டன? இவற்றைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அடுத்து நீங்கள் அறிந்த பிஎச் அளவு. ஒரு பொருளின் பிஎச் 2 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, 11.5 அல்லது அதற்கு மேலே இருந்தாலோ, அது அரிக்கும் பொருளாக இருக்கக்கூடும் என்று முதலிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். சாக்கடைக் குழாய் அடைப்பை நீக்கப் பயன்படும் சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணைக் கெடுக்குமா என்று அறிய எந்த முயலும் தேவையில்லை. ஒரு பிஎச் தாள் போதும்.

இங்கே ஒரு கூடுதல் செய்தி. அமிலம்தான் பயங்கரம், காரம் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணைப் பொறுத்தவரை பெரும்பாலும் நேர்மாறு. அமிலம் பட்டதும் திசுவின் புரதம் உறைந்துபோகிறது. அந்த உறைந்த அடுக்கே அமிலம் மேலும் உள்ளே செல்வதை ஓரளவு தடுக்கிறது. காரமோ கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றி, வழியை உண்டாக்கிக்கொண்டு ஆழமாக இறங்கும்.

கிண்ணத்தில் வளரும் தோல்

பழைய தகவலும் பிஎச் அளவும் விடை தராவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் வருகிறது.

அறுவை சிகிச்சையின்போது நீக்கப்படும் தோலை, கொடுப்பவரின் சம்மதத்துடன் பெற்று, அதிலிருந்து மேல்தோல் உயிரணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். சிறிய கிண்ணத்தில் ஒரு மெல்லிய சவ்வின் மீது அவற்றை வளர்க்கிறார்கள். கீழே ஊட்டச்சத்துத் திரவம், மேலே காற்று. காற்றுப் படும் பக்கத்தில் உயிரணுக்கள் தாமாகவே அடுக்கடுக்காக வளர்ந்து, மேலே இறந்த உயிரணுக்களின் சுவரையும் கட்டிவிடுகின்றன. நம் உடலில் நடப்பது அப்படியே கிண்ணத்திலும் நடக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு எனப்படும் ஓஇசிடி, 2010இல் இந்த முறையைத் தோல் எரிச்சலுக்கான 439ஆம் எண் வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டது.

சோதனை இப்படி நடக்கும். மூன்று தோல் துண்டுகளின் மீது சோதிக்க வேண்டிய பொருளை வைப்பார்கள். வேறு மூன்றில் எரிச்சலூட்டாத உப்புக்கரைசல். இன்னும் மூன்றில், எரிச்சலூட்டும் என்று உறுதியாகத் தெரிந்த 5 விழுக்காட்டுச் சோடியம் டோடெசில் சல்ஃபேட் கரைசல். இது சோப்பு வகையைச் சேர்ந்தது. தோல் மாதிரியைப் பொறுத்து 15 முதல் 60 நிமிடம்வரை வைத்துக் கழுவிவிட்டு, 42 மணி நேரம் விட்டுவைப்பார்கள். காயப்பட்ட உயிரணுக்கள் சாகவும், தாங்கிக்கொண்டவை மீளவும் அந்த நேரம்.

பிறகு எம்டிடி என்ற மஞ்சள் நிறப் பொருளைச் சேர்ப்பார்கள். உயிருள்ள உயிரணுக்கள் மட்டுமே அதை ஊதா நிறமாக மாற்றும். ஊதா அடர்த்தியாக இருந்தால் பெரும்பாலான உயிரணுக்கள் உயிரோடு இருக்கின்றன. வெளிறியிருந்தால் பல இறந்துவிட்டன. அந்த ஊதாவை மனிதக் கண் மதிப்பிடாது. ஒளியைச் செலுத்தி எவ்வளவு உட்கவரப்படுகிறது என்று கருவி அளக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: உப்புக்கரைசல் வைத்த தோல்களின் சராசரி அளவு 1.20. சோதனைப் பொருள் வைத்த மூன்று தோல்களின் அளவுகள் 0.40, 0.44, 0.42. இவற்றின் சராசரி 0.42. உயிருள்ள பங்கு 0.42 ÷ 1.20 × 100 = 35 விழுக்காடு. விதி என்ன? 50 விழுக்காடு அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பொருள் தோலுக்குப் பாதுகாப்பானதல்ல. ஆகவே இந்தப் பொருளுக்கு எச்சரிக்கைக் குறி உண்டு. அது வெறும் எரிச்சலா, அரிப்பா என்பதைப் பிரித்தறிய, இதே போன்ற தோலில் செய்யும் வேறொரு சோதனை இருக்கிறது.

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: “ஐயா, சோதிக்கும் பொருளே ஊதா நிறமாக இருந்தால்?” நல்ல கேள்வி. உயிரணுவின் உதவி இல்லாமலே எம்டிடியை ஊதாவாக மாற்றும் பொருள்களும் உண்டு. அப்போது செத்த தோலும் உயிருள்ளதுபோல் ஏமாற்றும். அதனால் அத்தகைய பொருள்களுக்கு, முன்கூட்டியே கொன்ற தோலிலும் சோதனை செய்து, அந்தப் பொய் ஊதாவைக் கழித்துவிட வேண்டும் என்று வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒப்பீட்டுக் கட்டுப்பாடு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் கண்கள்

கண்ணுக்கும் வழி கிடைத்தது. உணவுக்காக அறுக்கப்படும் மாட்டின் கண்கள் எப்படியும் வீசப்படுபவை. அவற்றின் கார்னியாவை எடுத்து ஒரு தாங்கியில் பொருத்தி, திரவம் என்றால் பத்து நிமிடம் அதன் மீது விடுகிறார்கள். கழுவி, சிறிது நேரம் விட்ட பின் இரண்டு அளவுகள். ஒன்று, ஒளி எவ்வளவு தடைபடுகிறது, அதாவது கார்னியா எவ்வளவு கலங்கியது. இரண்டு, ஃபுளோரசீன் என்ற சாயம் அதன் வழியாக எவ்வளவு கசிகிறது, அதாவது சுவர் எவ்வளவு உடைந்தது.

கலங்கல் அளவோடு, கசிவின் அளவைப் பதினைந்தால் பெருக்கிக் கூட்டுவார்கள். விடை 55க்கு மேல் இருந்தால் கண்ணுக்குக் கடும் சேதம். 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை தேவையில்லை. இடையில் இருந்தால்? ‘இந்தச் சோதனையால் சொல்ல முடியாது’ என்பதே அதிகாரப்பூர்வமான விடை. ஓர் அறிவியல் முறை தன் எல்லையைத் தானே சொல்லிக்கொள்வது பலவீனம் அல்ல, நேர்மை.

கோழியின் கண்ணைப் பயன்படுத்தும் முறையும் இருக்கிறது. இரண்டையும் ஓஇசிடி 2009இல் ஏற்றது. 2015இல் ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் கார்னியா போன்ற திசுவும் பட்டியலில் சேர்ந்தது.

இன்னும் முடியாத வேலை

அப்படியானால் முயல்களுக்கு முழு விடுதலை கிடைத்துவிட்டதா? இன்னும் இல்லை.

கண் சேதத்தை வகைப்படுத்தும்போது, காயம் ஏழு நாளில் ஆறுமா, 21 நாளில் ஆறுமா, ஆறவே ஆறாதா என்று கேட்கிறார்கள். உயிருள்ள உடல்தான் ஆறும். எடுத்துவைத்த கார்னியாவை 21 நாள் வைத்துப் பார்க்க முடியாது. எனவே ஒரே சோதனையை முயலுக்கு முழு மாற்றாக்குவது கடினம். பல சோதனைகளின் விடைகளைச் சேர்த்து முடிவெடுக்கும் முறைகளை உருவாக்கி வருகிறார்கள். முயல் சோதனை இன்னும் வழிகாட்டிகளில் இருக்கிறது. ஆனால் கடைசி வழியாக மட்டும். அப்போதும் வலி நிவாரணி கொடுக்க வேண்டும், முதலில் ஒரே ஒரு விலங்கோடு தொடங்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு.

அழகுப் பொருள்களில் சட்டம் வேகமாக நகர்ந்தது. விலங்குகளில் சோதிக்கப்பட்ட அழகுப் பொருள்களின் விற்பனைக்கான தடை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013இல் முழுமையானது. இந்தியா 2014இல் அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையைத் தடை செய்தது. ஆனால் பூச்சிமருந்து, தொழிற்சாலை இரசாயனம் ஆகியவற்றுக்குச் சட்டங்கள் வேறு. கடையில் முயல் படம் போட்ட ஷாம்பூவைப் பார்த்தால் மகிழலாம். ஆனால் அதன் மூலப்பொருள்களில் பல, பல ஆண்டுகளுக்கு முன்பே முயல்களில் சோதிக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள். நம் இன்றைய பாதுகாப்பின் ஒரு பகுதி அவை கொடுத்தது.

உங்கள் கைக்கு எட்டும் அறிவியல்

லாஷ் லூரில் இருந்த அந்தப் பாராபினைலீன்டையமின் மறைந்துபோகவில்லை. முடிச்சாயங்களில் கட்டுப்படுத்தப்பட்ட அளவில் இன்றும் இருக்கிறது. அதனால்தான் முடிச்சாயப் பெட்டியில் ‘48 மணி நேரத்திற்கு முன் சிறிய இடத்தில் பூசிப் பாருங்கள்’ என்பது போன்ற குறிப்பு இருக்கும். சில ‘கறுப்பு மருதாணி’ கலவைகளிலும் அதைச் சேர்க்கிறார்கள். இலையை அரைத்த மருதாணி செம்மஞ்சளாகத் தொடங்கிச் செம்பழுப்பாகச் சிவக்கும். சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று ஆகாது. தீபாவளிச் சந்தையிலோ திருமண வீட்டிலோ ‘உடனே கறுப்பாகும்’ என்று யாராவது கையை நீட்டச் சொன்னால், ‘இதில் என்ன கலந்திருக்கிறது, அக்கா?’ என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் கையை மடக்கிக்கொள்ளுங்கள். அதன் கொப்புளம் ஆறலாம், ஆனால் ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் தொடரலாம்.

இன்னொன்று. எந்த இரசாயனத்தையும் வீட்டில் உங்கள் தோலிலோ, தம்பி தங்கையின் தோலிலோ, பூனையின் மீதோ சோதித்துப் பார்க்காதீர்கள்.

தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், நடுநிலையாக்குகிறேன் என்று அமிலத்துக்குக் காரமோ, காரத்துக்கு எலுமிச்சைச் சாறோ விடாதீர்கள். உடனே ஓடும் சுத்தமான நீரில், இமையைத் திறந்து பிடித்தபடி, குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால், கழுவிக்கொண்டே எளிதாக வந்தால் எடுத்துவிடுங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள். பிறகு மருத்துவமனை. போகும்போது புட்டியையோ அதன் லேபிளின் படத்தையோ கொண்டு செல்லுங்கள். என்ன பட்டது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி.

அறிவியல் கூடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அணியச் சொன்னால், ‘வியர்க்கிறது, டீச்சர்’ என்று நெற்றிக்கு ஏற்றிவிடும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அந்த லேபிளில் உள்ள சிறிய சாய்சதுரத்துக்குப் பின்னால் பார்வை இழந்த பெண்கள் இருக்கிறார்கள், எண்ணற்ற முயல்கள் இருக்கின்றன, எண்பது ஆண்டு ஆய்வு இருக்கிறது. அவ்வளவு விலை கொடுத்து எழுதப்பட்ட எச்சரிக்கையைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்குங்கள்.